நின்றாலும் படுத்தாலும் இரண்டரை மீட்டர்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போய்க்கொண்டிருந்த என்னைப் பிடித்து, "புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்றார்கள் நம் அலுவலகத்தில். ஐம்பத்திரண்டு வயதில் அறிவுரை சொல்லலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "உரை வந்துடுச்சு. அறிவு வரட்டும், பார்க்கலாம்" என்றாள். ஆகவே இதில் அறிவுரை எதுவும் இல்லை. நான் வெலவெலத்துப்போன ஒரே ஒரு பகல்பொழுது இருக்கிறது. அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒருவர் சேர்ந்த முதல் வாரமே கேட்டாராமே: "கட்டடத்துக்குள்ள ஒரு ஆள் எங்க நிக்கிறார்னு ஒரு சாண் பிசகாம சொல்ற நம்ம கருவி, எவ்ளோ உயரத்துல இருக்கார்னு கேட்டா மட்டும் ஏன் சார் உளறுது?" கேட்டவருக்கு என் வணக்கம். அந்தக் கேள்விதான் என் பதினான்கு வருடச் சோறு.

பாடி மேம்பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போது கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பாருங்கள். எந்த லாரி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் கீழே விசில் ஊதும் காவலர் தரையில் நிற்கிறாரா, ஒரு கல்லின் மேல் ஏறி நிற்கிறாரா? தொப்பி மட்டும்தான் தெரியும். அதையே கீழே டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் ஒரே பார்வையில் விடை வந்துவிடும். நம் பெட்டிகளுக்கும் அதே கதைதான். ஆட்கள் நெஞ்சில் மாட்டியிருக்கும் டேக்குக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு பெட்டியும் ரேடியோ அலையால் அளக்கிறது. எல்லாப் பெட்டிகளையும் கூரையோரம் வரிசையாக மாட்டிவிட்டால், எல்லாமே மேம்பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பவைதான். இடம் தெரியும், உயரம் தெரியாது.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன் நான் அடித்த கூத்துகள் கொஞ்சமல்ல. டேக்குக்குள் காற்றழுத்தமானி வைத்துப் பார்த்தேன். உயரம் ஏறினால் அழுத்தம் குறையும், பள்ளிப் பாடம்தானே? சோதனைக்கு எடுத்த ஒரு கிடங்கின் ஷட்டர்களை எல்லாம் மூடிவிட்டுக் காற்றை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறிகளைப் போட்டதும் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரையில் அரை மீட்டர் எழும்பினார்கள். அடுத்த வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. தரையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எங்கள் கணக்குப்படி எட்டாவது மாடியில் இருந்தார்கள். அந்தக் கிடங்குக்கு மாடியே கிடையாது.

கடைசியில் நான் கண்டுபிடித்த வழி மிகவும் எளிது. ஒவ்வொரு தூணிலும் மேலே ஐந்து மீட்டரில் ஒரு பெட்டி, கீழே கணுக்கால் உயரத்தில் ஒரு பெட்டி. ஒருவர் மேம்பாலம், ஒருவர் டீக்கடை. இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் உயரம் ஒரு முழத்துக்குள் வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஒரு சிலை வைப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய கிடங்கில் அதை முதன்முதலாகப் பொருத்தினோம். உள்ளே வானம் முட்டும் ரேக்குகள், அவற்றில் பேலட் எனும் மரத்தட்டுகளின் மேல் அடுக்கிய சரக்கு. இரண்டு ரேக்குகளுக்கு நடுவே வண்டி போகும் வழியை அங்கே எல்லாரும் லைன் என்பார்கள். விதி இதுதான்: பாதுகாப்பு பெல்ட் போடாமல் யாராவது ரேக்கில் ஏறி, டேக் இரண்டு மீட்டரைத் தாண்டினால் எங்கள் திரை சிவப்பாகும். சிவப்பானால் அந்த ஆளுக்கு ஒரு மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். விதியை எழுதியவர் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி. நல்ல மனிதர், நிறுத்தி நிதானமாகப் பேசுவார், எழுதியதை மட்டும் மாற்ற மாட்டார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். மத்தியானம் மூன்று மணிக்கு அதே அதிகாரி, எங்கள் அமைப்பு திருப்தி என்று கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. புதுச் சட்டை, மொறுமொறுப்பான கஞ்சி, தலைக்கு எண்ணெய், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் அறையில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். ஏழாவது லைனில் உயரத் தட்டுகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ரீச் டிரக் வண்டியை ஓட்டும் ஸ்டெல்லா. நாற்பது வயது இருக்கும். ஆவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அந்த லைன் முழுக்க அவர் பொறுப்பு. வேறு யாரும் உள்ளே போவதில்லை.

"உங்க சிஸ்டம் இவங்க ரெண்டு தடவை மேல ஏறினதா காட்டுது," என்றார் அதிகாரி. "காலைல எட்டரைக்கு ஒண்ணு, ஒன்பதே காலுக்கு ஒண்ணு. போன மாசம் ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. மூணு ஆச்சு. இவங்க ஏறவே இல்லைங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

இப்படி ஒரு கேள்விக்கு நீங்கள் என்ன சொல்ல வேண்டும் தெரியுமா? "பார்த்துட்டுச் சொல்றேன் சார்." மூன்று சொல். பல் வலிக்காது, நாக்கு சுளுக்காது. நான் சொன்னது வேறு.

"சிஸ்டம் பொய் சொல்லாது சார்" என்றேன். மூன்று மணிக் கையெழுத்து என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசியது. அதோடு விட்டேனா? மடிக்கணினியைத் திருப்பி வரைபடத்தையும் காட்டினேன். "பாருங்க, இரண்டரை மீட்டர். நாற்பது செகண்ட். ஆடாம அசையாம."

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டரை மீட்டர்னா எவ்ளோ சார்?"

கதவு நிலைக்கு மேலே கையைக் காட்டினேன். "டேக் அங்க இருந்திருக்கு."

"டேக் என் நெஞ்சுல கீது. அப்போ கால் எங்க இருக்கும்?"

"ஒரு... ஒண்ணே கால், ஒண்ணரை மீட்டர்ல."

"அங்க இன்னா சார் கீது கால் வெக்க? மொதத் தட்டே என் தலைக்கு மேல கீது. அதுக்கும் தரைக்கும் நடுவுல பேலட்டுதான். நாப்பது செகண்டு நான் இன்னா காத்துல நின்னுகினு இருந்தேனா? நான் இன்னா வவ்வாலா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். வரைபடம் யாரையும் பார்க்கவில்லை.

"பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன். ஐந்து நிமிடம் தாமதமாக.

"பாருங்க. மூணு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா இவங்க பாஸை நான் வாங்கியாகணும்."

வெளியே வந்ததும் நான் செய்த முதல் தொழில்நுட்ப நடவடிக்கை, கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அங்கே உட்கார்ந்தபடி ராஜினாமாக் கடிதத்தின் முதல் பத்தியை மனதுக்குள் எழுதி முடித்தேன். இரண்டாவது பத்தியில் 'தங்கள் மேலான' என்று வரும்போது, ஸ்டெல்லா கேட்டது உறைத்தது. பயத்தை ஒரு கையால் தள்ளிக்கொண்டு ஆர்வம் உள்ளே நுழையும் அந்த நொடி இருக்கிறதே, நம் தொழிலில் அதுதான் சம்பளத்துக்கு மேல் கிடைப்பது. காற்றில் நாற்பது நொடி அசையாமல் நிற்கும் ஒரு பெண். எப்படி?

போன மாதத்து மெமோவைத் திறந்து பார்த்தேன். மூன்று புள்ளி ஒன்று மீட்டர். நெஞ்சு உயரத்தைக் கழித்தால் கால் இருந்த இடம் ஒன்று புள்ளி ஒன்பது. ரேக்கின் முதல் தட்டும் ஒன்று புள்ளி ஒன்பது. அது நிஜமான ஏற்றம், சந்தேகமே இல்லை. இன்றைய இரண்டுக்கு மட்டும் கால் வைக்க இடமில்லை. அப்படியானால் போன மாதத்துக்கும் இன்றைக்கும் நடுவே ஏதோ மாறியிருக்கிறது.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஏழாவது லைனுக்கு ஓடினேன். முதல் தூணின் அடியில் குனிந்து பார்த்தேன். கணுக்கால் உயரத்துப் பெட்டியைக் காணோம். இரண்டாவது தூண். காணோம். மூன்று, நான்கு. திருடு போய்விட்டது! கையிலிருந்த நாடா சர்ரென்று சுருண்டு வந்து மூக்கில் அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வலியில் அண்ணாந்தேன்.

மேலே, ஐந்து மீட்டர் உயரத்தில், என் மேல் பெட்டிக்குக் கீழே ஒட்டினாற்போல் கீழ்ப் பெட்டி. நான்கு தூணிலும் அப்படியே. ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம், குங்குமம், வாடிய ஒரு துண்டு கதம்பம். கல்யாண ஜோடி மாதிரி நின்றன.

"எப்டி சார்? நூல் புடிச்சாப்ல கீதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கிடங்கின் எலக்ட்ரீஷியன் பஷீர். இடுப்பில் ஸ்க்ரூடிரைவரும் முகத்தில் பெருமையுமாக நின்றார்.

"பஷீர் பாய், இதை யாரு மேல ஏத்தினது?"

"நம்மதான் சார். நீ பின்னாடி சுருட்டி வெச்சிருந்த ஒயரு கரெக்டா பத்துச்சு. கிளிப்பு அடிச்சு நீட்டா வுட்டுகிறேன் பாரு. மத்த லைனுக்கும் நாளைக்கு ஏத்திரலாம்னு இருக்கேன்."

கிளிப் அடித்திருந்த நேர்த்தியைச் சொல்லியே ஆக வேண்டும். நான் மாட்டியதைவிட நன்றாக இருந்தது.

"ஏன் பாய்?"

"பூசை அன்னிக்கு எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சாங்க இல்ல? உன் பெட்டிக்கும் வெச்சாங்க. நீயே போட்டோ புடிச்சியே."

ஆம், பிடித்தேன். என் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு விம்மி, அதைப் பொரிப் பொட்டலத்தோடு சேர்த்துப் படம் எடுத்து உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகு கிளம்பிப் போய்விட்டேன்.

"பொட்டு வெச்ச பொருளு கால்ல படுதுன்னு ஸ்டெல்லாக்கா சொல்லிச்சு சார். நானும் பார்த்தேன், வண்டியிலருந்து எறங்குனா ஷூ நேரா அதும்மேலதான். அதான் ஏத்திட்டேன்."

அங்கேயே ஒரு பேலட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. மென்பொருளைப் பொறுத்தவரை கீழ்ப் பெட்டி இன்னும் கணுக்காலில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டி, "டேக் என்னிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி" என்று உண்மையைத்தான் சொல்கிறது. தரையிலிருந்து மூன்றரை மீட்டரா, அப்படியானால் ஆள் மேலே என்று மென்பொருள் நினைக்கிறது. மேல் பெட்டியோ, ஆள் கீழே என்கிறது. இரண்டு பேரும் அடித்துக்கொள்ள, மென்பொருள் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இரண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டரை மீட்டர். ஸ்டெல்லா வண்டியிலிருந்து இறங்கிக் கீழ்ப் பேலட்டின் லேபிளைக் குனிந்து பார்த்த போதெல்லாம் எங்கள் திரையில் பறந்திருக்கிறார்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். கண்டுபிடித்துவிட்ட பிறகு என்ன செய்வது?

நம் மேலாளருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லேப்டாப்ல அந்த நாலு பெட்டியோட உயரத்தை மாத்திப் போடு. ரெண்டு நிமிஷ வேலை. அலாரம் நின்னுடும். மூணு மணிக்குக் கையெழுத்தை வாங்கு. அந்த அம்மா விஷயத்தை அப்புறமா பக்குவமா பேசிக்கலாம்."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பொய் சொல்லப் போவதில்லை. பேசுகிற வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றப் போகிறேன். அவ்வளவுதானே? மடிக்கணினியைத் திறந்து முதல் பெட்டியின் உயரத்தை மாற்றவும் செய்தேன். அப்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

ஒவ்வொரு கணக்கோடும் நம் மென்பொருள் இன்னொரு எண்ணையும் தருகிறது, உங்களுக்குத் தெரியும். பெட்டிகள் சொன்ன தூரங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன, அதாவது தன் விடையை அதுவே எவ்வளவு நம்புகிறது என்று சொல்லும் எண். சந்தேக எண் என்று வைத்துக்கொள்வோம். போன மாதத்து மூன்று புள்ளி ஒன்றுக்குச் சந்தேகம் மிகச் சின்னது. இன்று காலை வந்த இரண்டுக்கும் சந்தேகம் மலை மாதிரி. பாவம், இயந்திரம் கத்திக்கொண்டிருந்திருக்கிறது: "எனக்கு ஒண்ணும் புரியல, என்னை நம்பாதீங்க" என்று. அது ஏன் அதிகாரியின் திரையில் தெரியவில்லை?

ஏனென்றால் அந்தக் கட்டத்தை மறைத்து வைத்தவன் நான். முன்பு ஒரு வாடிக்கையாளர், "உங்க மெஷினுக்கே சந்தேகமா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எல்லாத் திரையிலும் அதை எடுத்துவிட்டேன். திரை பளிச்சென்று இருந்தது. எண்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. காலையில் நான் "சிஸ்டம் பொய் சொல்லாது" என்றேனே, அது முழு உண்மை. அதன் வாயைப் பொத்தியது நான்.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா வந்தார். பஷீர் போய்ச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"சார், அந்தப் பொட்டிய ஏத்துனதாலயா இவ்ளோ ரோதனை?"

"ஆமாம்மா."

"ஏத்தச் சொன்னது நான்தான். நாங்க வேதக்காரங்க சார், எங்களுக்குப் பொட்டு கெடையாது. ஆனா அவங்க சாமின்னு வெச்சது மேல நான் ஷூவ வெச்சா, அது மரியாதையா? ஒண்ணா வேல செய்றோம்." வாசல் பக்கம் திரும்பினார். "போய் ஆபீசரான்ட சொல்லிடறேன்."

குறுக்கே கையை நீட்டினேன். "அம்மா, வேண்டாம். பாதுகாப்புக் கருவியில கை வெச்சா மூணு மெமோ எல்லாம் கெடையாது. நேரா பாஸ்தான். விதியில இருக்கு."

"நான் வாய மூடிகினா பஷீர் பேரு வெளிய வரும். அவன் போன மாசம்தான் பர்மனென்ட் ஆனான். அவன் பொண்டாட்டி என்னை ஊட்டாண்ட வந்து கிழிச்சிடும்."

"அப்போ என்ன பண்றது?"

"இன்னா சார் என்னைக் கேக்கற? நீதான் இஞ்சினியரு."

தைரியம் வந்து நான் எழுந்தேன் என்று நினைக்காதீர்கள். அவர் முந்திக்கொண்டு அந்த அறைக்குள் போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் எழுந்தேன். எனக்குப் பழக்கமான பயம் எப்போதும் பின்பக்கமாக ஓடும். அன்று தவறுதலாக முன்பக்கமாக ஓடிவிட்டது. மாற்றிய எண்ணைப் பழையபடியே போட்டுவிட்டு அதிகாரியின் அறைக்கு விரைந்தேன். ஸ்டெல்லாவும் பஷீரும் பின்னாலேயே வந்தார்கள்.

"சார், காலைல வந்த ரெண்டும் தப்பு. ஒரு தடவை லைனுக்கு வந்தீங்கன்னா காட்டிடறேன்."

அவர் வந்தார். ஸ்டெல்லாவின் டேக்கை வாங்கி என் சட்டையில் மாட்டிக்கொண்டேன். மடிக்கணினியை அவர் கையில் கொடுத்துவிட்டு லைனின் நடுவில் நின்றேன்.

"எவ்ளோ சார்?"

"ரெண்டரை."

கஞ்சி போட்ட புதுச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்தேன். "இப்போ?"

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இப்பவும் ரெண்டரைதான் காட்டுது."

"நின்னாலும் ரெண்டரை, படுத்தாலும் ரெண்டரை, சார்."

"சார், எழுந்திரு சார், வண்டி ஏதாவது வந்துடப்போவுது" என்றார் பஷீர்.

அதிகாரி சிரிக்கவில்லை. "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். படுத்தபடியே மேலே கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து, ஜோடியாக நிற்கும் பெட்டிகளைப் பார்த்தார்.

"யாரு ஏத்தினது?"

"நான்தான் சொன்னேன் சார்" என்றார் ஸ்டெல்லா.

"நான்தான் ஏத்துனேன் சார்" என்றார் பஷீர்.

இரண்டும் நான் திட்டமிட்டிருந்த உரைக்கு முன்பாக வந்துவிட்டன. எழுந்து உட்கார்ந்தேன். "சார், அந்தப் பெட்டி கீழ இருந்தாதான் உயரம் தெரியும்னு நான் யாருக்கும் சொல்லல. திரையைப் பத்தி ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சொல்லாத விதியை இவங்க எப்படி மீற முடியும்? அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு." மறைத்து வைத்த கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மலை மாதிரி இருந்த அந்த இரண்டு எண்களையும், சின்னதாக இருந்த போன மாதத்து எண்ணையும் காட்டினேன்.

அவர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதாவது, மெஷின் தனக்குத் தெரியலன்னு நேர்மையா சொல்லியிருக்கு. நீங்க அதை எனக்குக் காட்டல. நான் ஒருத்தங்க வேலையை எடுக்கப் பார்த்தேன்."

"ஆமா சார்."

"பெட்டியை ஏத்தினதுக்கு..." என்று அவர் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார்.

பஷீர் குறுக்கே புகுந்தார். "சார், கோச்சிக்காதீங்க. அன்னிக்குச் சந்தனக் கிண்ணத்தைக் கையில புடிச்சுகினு லைன் லைனா வந்தது நீங்கதான். பொட்டு வெச்சது உங்க கை."

அதிகாரி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் முதல்முறையாக அவர் உதட்டோரம் அசைந்தது.

அறைக்குத் திரும்பியதும் காலையில் அடித்த இரண்டு மெமோவையும் கிழித்தார்; பெட்டியை ஏற்றியதற்கு யார் மேலும் எதுவும் எழுதவில்லை. போன மாதத்து மெமோ மேசையிலேயே இருந்தது. அதையும் கிழித்துவிடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"அது நான்தான் சார்," என்றார் அவர். "அட்டைப் பொட்டி ஒண்ணு சாஞ்சு வுழற மாதிரி இருந்துச்சு. பெல்ட்டு எடுக்கப் போனா வுழுந்துடும்னு ஏறிட்டேன். அது இருக்கட்டும்." என்னிடம் திரும்பி, "அது எவ்ளோ காட்டுச்சு?" என்றார்.

"மூணு புள்ளி ஒண்ணு. கால் இருந்தது சரியா முதல் தட்டுல."

"கரெக்டாத்தான் காட்டிகீது!" என்று வாய் விட்டுச் சிரித்தார். அந்த நாளில் என் அமைப்பைப் பாராட்டியது அவர் ஒருவர்தான். அதுவும், தான் மாட்டிக்கொண்டதற்காக.

மூன்று மணிக்குக் கையெழுத்து கிடைக்கவில்லை. மேலாளர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. இதைப் பெண் பிள்ளைகளும் படிப்பீர்கள், ஆண் பிள்ளைகளும் படிப்பீர்கள். பெட்டிகள் கீழே இறங்கின. ஆனால் பொட்டு வைத்தது வைத்ததுதானே, கால் படக்கூடாது. பஷீர் சரக்கு அடுக்கும் உடைந்த பிளாஸ்டிக் கிரேட் பெட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மறைப்பு செய்தார். ரேடியோ அலை பிளாஸ்டிக்கைப் பொருட்படுத்தாது; ஷூவும் உள்ளே போகாது. இன்று நீங்கள் எல்லா இடத்திலும் மாட்டும் அந்தக் கணுக்கால் மறைப்பு அங்கே பிறந்ததுதான். நம் வரைபடத்தில் அதற்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. நான் செய்தது தரையில் படுத்தது மட்டும். பெட்டிகள் தினமும் காலையில் ஒன்றுக்கொன்று தூரம் அளந்து, இடம் மாறியிருந்தால் தாங்களே சொல்லும் வேலையையும் அடுத்த வாரம் சேர்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

கிளம்புவதற்கு முன், ஸ்டெல்லா அந்தப் பழைய மெமோவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நான் அதிகாரியின் கணினி முன்னால் உட்கார்ந்து திரையைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

"சார், எனக்கு மெமோ இவர் குடுத்தாரு. உனக்கு யாரு சார் குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்கம்மா."

"நல்ல வேல சார் உன்னுது." கேலியா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார். "இது இன்னா புதுசா ஒரு கட்டம் வந்துகீது?"

"அதுதான் சந்தேக எண். இது பெருசா இருந்தா மெஷினுக்கே தெரியலன்னு அர்த்தம். அப்போ யாரையும் புடிக்கக் கூடாது."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"இத்துனூண்டா போட்டா யாருக்கு சார் தெரியும்? பெருசா போடு."

பெருசாகப் போட்டேன்.